ஒரு நானோமீட்டர் நகர்ந்தால் மாத்திரைக்கு என்ன ஆகும்? மருந்து ஆலைகளின் ‘அகச்சிவப்புக் கண்’ணுக்கும் பவர் செக் பண்ணணும்!

கோபாலபுரத்தில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை வாங்குகிறோம். அட்டையைத் திருப்பினால் பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் இருக்கும். பெரும்பாலானவர்கள் பார்ப்பது காலாவதி தேதியை மட்டும்தான். அந்த பேட்ச் நம்பருக்குப் பின்னால் நடந்த சோதனைகள் நம் கண்ணில் படுவதில்லை. சோதனை செய்த கருவி சரியாக இருந்ததா என்ற கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை.

மளிகைக் கடைத் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தெரியும். மருந்து ஆலைக்குள் இருக்கும் ‘தராசு’களுக்கு முத்திரை குத்துவது யார், எப்படி? அப்படிப்பட்ட ஒரு கருவிதான் நியர் இன்ஃப்ராரெட் புரோப், சுருக்கமாக என்.ஐ.ஆர் புரோப். மாத்திரைப் பொடி உலர்ந்துகொண்டிருக்கும்போதே அதற்குள் எட்டிப் பார்த்து ‘ஈரம் இவ்வளவு’ என்று சொல்லும் கண் இது. அந்தக் கண்ணின் பார்வை ஒரு நானோமீட்டர் விலகினாலும் பதில் மாறக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

2025 அக்டோபரை யாரும் மறந்திருக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இறந்தவர்கள் 20-க்கும் மேல். அந்த மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரான இடம் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் சுங்குவார்சத்திரம்.

தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அந்த பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம்தான். நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. உலக சுகாதார அமைப்பும் எச்சரிக்கை வெளியிட்டது.

இது முதல் தடவையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே வேதிப்பொருள் கலந்த ‘எலிக்ஸிர் சல்ஃபானிலமைடு’ 100-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 1970-களின் தொடக்கத்தில் நம் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் மும்பை, 2022-ல் காம்பியா. ஊர் மாறியிருக்கிறது, காரணம் மாறவில்லை. உள்ளே வரும் மூலப்பொருள் என்ன என்பதையும், வெளியே போகும் மருந்தில் என்ன இருக்கிறது என்பதையும் சரியாகச் சோதிக்கவில்லை.

இந்தச் சோதனைச் சங்கிலியில் ஒரு கண்ணியாகத்தான் உலகம் முழுக்க மருந்து ஆலைகள் என்.ஐ.ஆர் கருவிகளை வைத்திருக்கின்றன. அவற்றால் எல்லாம் முடியாது; அதையும் கீழே பார்ப்போம். முதலில், அது என்ன என்.ஐ.ஆர்?

சிவப்புக்கு அந்தப் பக்கம்

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்தபோதும் சூடு ஏறியது. அதுதான் அகச்சிவப்பு.

அதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அடுத்த வீட்டில் இருப்பது நியர் இன்ஃப்ராரெட். அலைநீளத்தில் சொன்னால் சுமார் 780 முதல் 2,500 நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்த ஒளி ஒரு பொருளின் மீது பட்டால், அதில் இருக்கும் மூலக்கூறுகளின் பிணைப்புகள் சில அலைநீளங்களை விழுங்கிவிடும். தண்ணீர் 1,450, 1,940 நானோமீட்டர் பக்கத்தில் நன்றாக விழுங்கும். கொழுப்பு, சர்க்கரை, புரதம், மருந்துப் பொருள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு விழுங்கும் வடிவம் உண்டு. திரும்பி வரும் ஒளியில் எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடலாம்.

1960-களில் அமெரிக்க வேளாண் துறையின் பொறியாளர் கார்ல் நோரிஸ் தானியத்தின் ஈரப்பதத்தை அளக்க இதைப் பயன்படுத்திக் காட்டினார். பொருளை இடிக்க வேண்டாம், கரைக்க வேண்டாம், ரசாயனம் ஊற்ற வேண்டாம். சில விநாடிகளில் பதில். அங்கிருந்து தீவனம், பால், எண்ணெய், மருந்து என்று எல்லா ஆலைகளுக்குள்ளும் இது நுழைந்துவிட்டது.

ஆலைக்குள் புரோப் என்ன செய்கிறது?

மாத்திரை தயாரிப்பில் பொடியை ஈரமாக்கி சின்னச் சின்ன உருண்டைகளாக்குவார்கள். அதை எஃப்.பி.டி எனப்படும் ஃப்ளூயிட் பெட் டிரையரில் போட்டு, கீழிருந்து சூடான காற்றை ஊதி உலர்த்துவார்கள். பாப்கார்ன் மெஷினில் பொரி துள்ளுவது மாதிரி பொடி காற்றில் துள்ளிக்கொண்டே உலரும்.

எப்போது நிறுத்துவது? ஈரம் அதிகமாக இருந்தால் பொடி அச்சில் ஒட்டும். மருந்தும் சீக்கிரம் கெடலாம். ரொம்பக் காய்ந்துவிட்டால் மாத்திரையின் மேல்பகுதி மூடி மாதிரி பெயர்ந்துவரும். அதனால் வழக்கமாக டிரையரை நிறுத்தி, கொஞ்சம் பொடியை எடுத்து, லேபுக்கு அனுப்பி, பதிலுக்காகக் காத்திருப்பார்கள்.

என்.ஐ.ஆர் புரோப் இருந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. டிரையரின் சுவரில் ஒரு துளை. அதில் சஃபையர் ஜன்னல் வைத்த உலோகக் குழாய். ஃபைபர் வழியாக ஒளி உள்ளே போகும்; பொடியில் பட்டுத் திரும்பும் ஒளி இன்னொரு ஃபைபர் வழியாக ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு வரும். சில விநாடிக்கு ஒருமுறை திரையில் ஈரப்பதம் தெரியும்.

பொடிகளைக் கலக்கும் பிளெண்டரிலும் இப்படி ஒரு கண்ணைப் பொருத்தலாம். மருந்து எல்லா இடத்திலும் சமமாகக் கலந்துவிட்டதா என்று அது சொல்லும். இல்லாவிட்டால் ஒரு மாத்திரையில் மருந்து கூடுதலாகவும் பக்கத்து மாத்திரையில் குறைவாகவும் போய்விடும். 2004-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த முறையை ஊக்கப்படுத்தியது. தயாரித்து முடித்த பிறகு சோதிப்பதோடு நிற்காமல், தயாராகும்போதே அளக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

‘கேலிப்ரேஷன்’ என்ற சொல்லில் மூன்று வேலைகள்

இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஆலையில் ‘கருவிக்கு கேலிப்ரேஷன் ஆயிடுச்சா?’ என்று ஒருவர் கேட்டால், அது மூன்று வெவ்வேறு வேலைகளில் எதையும் குறிக்கலாம்.

முதலாவது, அலைநீள அச்சு. கருவி ‘இது 1,940 நானோமீட்டர்’ என்று சொல்லும் இடம் நிஜமாகவே 1,940 தானா?

இரண்டாவது, ஒளியின் அளவு. ‘பாதி ஒளி திரும்பி வந்தது’ என்று கருவி சொன்னால் நிஜமாகவே பாதிதானா? எல்லா அலைநீளத்திலும் அதே நேர்மையோடு சொல்கிறதா?

மூன்றாவது, கணித மாடல். இந்த வடிவத்தில் நிறமாலை வந்தால் ஈரம் 2 சதவீதம் என்று முடிவுசெய்யும் சமன்பாடு. லேபில் அளந்த நூற்றுக்கணக்கான மாதிரிகளை வைத்து இதைப் பழக்குவார்கள்.

மூன்றாவது வேலைக்குத்தான் நேரமும் பணமும் அதிகம் செலவாகும். ஆனால் முதல் இரண்டும் சரியாக இல்லாவிட்டால் மூன்றாவது தவறான தளத்தில் கட்டிய வீடுதான்.

பழைய ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளை இழுக்கும் நூல் கொஞ்சம் நழுவிவிட்டால், முள் 98.3-ல் நிற்கும், காதில் விழுவது வேறு ஸ்டேஷன். மனிதக் காது உடனே கண்டுபிடித்துவிடும். மாடலுக்குக் காது கிடையாது. முள் காட்டிய எண்ணை நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு நானோமீட்டர் கணக்கு

‘அட, ஒரு நானோமீட்டர்தானே!’ என்று தோன்றலாம். சாதாரணமான எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு அலைநீளத்தில் ஈரம் 1 சதவீதம் கூடினால் உறிஞ்சுதல் 0.02 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடம் தண்ணீரின் மலை மாதிரியான வளைவின் சரிவில் இருக்கிறது. சரிவு, ஒரு நானோமீட்டருக்கு 0.005. இப்போது அச்சு ஒரு நானோமீட்டர் நகர்ந்தால், பொடியில் எந்த மாற்றமும் இல்லாமலே உறிஞ்சுதல் 0.005 மாறியதாகக் கருவிக்குத் தெரியும். ஈரக் கணக்கில் அது 0.25 சதவீதம்.

இலக்கு 2 சதவீதம், கூடக் குறைய 0.5 வரை அனுமதி என்றால், அனுமதித்த இடைவெளியில் பாதியைக் கருவியே தின்றுவிட்டது. பொடியின் உண்மையான ஈரம் 2.6 ஆக இருக்கும்; திரையில் 2.35 என்று பச்சை விளக்கு எரியும். டிரையர் நின்றுவிடும்.

நிஜ மாடல்கள் ஒரே அலைநீளத்தை நம்புவதில்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிடும். அதனால் பிழை சில நேரம் குறையும். ஆனால் வளைவின் வடிவத்தைக் கூர்மையாக்க டெரிவேட்டிவ் எடுக்கும் மாடல்களில் அதே பிழை பெரிதாகவும் வாய்ப்பு உண்டு. எந்தப் பக்கம் போகும் என்பது மாடலைப் பொறுத்தது. அதனால்தான் மருந்து நூல்கள் எல்லைக்கோடு போட்டிருக்கின்றன. 2,000 நானோமீட்டருக்குக் கீழே கூடக் குறைய 1 நானோமீட்டர், அதற்கு மேல் 1.5 நானோமீட்டர் என்பது மருந்துத் துறையில் புழங்கும் வரம்பு.

நுங்கம்பாக்கத்துக்காரர் பார்த்த மஞ்சள் கோடு

ஒன்றிரண்டு நானோமீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, கோபாலபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792 முதல் மெட்ராஸ் வான் ஆய்வகம் இயங்கியது. அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 1860-களில் அதன் தலைமை வானியலாளர் நார்மன் பாக்சன். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். பாக்சன் மசூலிப்பட்டினம் போய் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பை சூரியனின் விளிம்பு நோக்கித் திருப்பினார். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் இருந்தார்.

சூரியப் பிழம்பின் ஒளியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிரகாசமான கோடு. சோடியத்தின் புகழ்பெற்ற ‘டி’ கோடுகள் இருக்கும் இடத்திலோ, அதற்கு மிக அருகிலோ. சோடியம்தான் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. இருட்டு நீடித்தது சில நிமிடங்கள். கண்ணால் பார்த்து, கையால் குறித்துக்கொள்ளும் காலம். அந்தக் கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குள் துல்லியமாகச் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்தார். நிதானமாக அளந்தபோது அது சோடியத்தோடு பொருந்தவில்லை என்பது தெளிவானது. சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர். புதிய கோடு 587.6. அருகில் இருக்கும் கோட்டிலிருந்து வித்தியாசம் 1.4 நானோமீட்டர். அது புதிய தனிமம். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 1895-ல் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்தார்.

அச்சு 1.4 நானோமீட்டர் தவறியிருந்தால் ஹீலியம் சோடியமாகவே இருந்திருக்கும். எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்ற கேள்விதான் அன்றும் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை.

நகர்வது எதனால்?

கருவி சும்மா இருக்கும்போது ஏன் அச்சு நகர வேண்டும்? உள்ளே இருக்கும் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

ஆலைகளில் பரவலாக இருக்கும் ஒரு வகையில், ஒளி ஒரு கிரேட்டிங்கில் பட்டு நிறம் பிரிந்து, வரிசையாக அடுக்கிய சென்சார்களில் விழும். போன் கேமராவின் சென்சார் மாதிரி. ஆனால் சிலிக்கானுக்குப் பதில் இண்டியம் கேலியம் ஆர்சனைடு. 900 முதல் 1,700 நானோமீட்டர் வரை 256 பிக்சல்களில் விழுகிறது என்றால், ஒரு பிக்சலுக்கு சுமார் 3 நானோமீட்டர். பிக்சலின் அகலம் 50 மைக்ரான் என்றால், ஒரு நானோமீட்டர் நகர்வு என்பது சென்சாரின் மேல் ஒளி வெறும் 16 மைக்ரான் நகர்வதுதான். தலைமுடியின் தடிமனில் கால் பங்கு!

சென்னை வெயிலில் ஏசி நின்றுபோனால் உலோகச் சட்டம் விரியும். பக்கத்தில் கம்ப்ரஷன் மெஷின் நாள் முழுக்க அதிரும். ஃபைபரைக் கழற்றி மாட்டினால் ஒளி நுழையும் கோணம் மாறும். விளக்கை மாற்றினாலும் ஒளிப் பாதை லேசாக மாறலாம். 16 மைக்ரானுக்கு இவ்வளவு எதிரிகள்.

எஃப்.டி வகைக் கருவிகளில் நிலைமை கொஞ்சம் மேல். அவற்றுக்குள் ஒரு லேசர் அளவுகோலாக இருக்கும். ஹீலியம் நியான் லேசர் என்றால் 632.8 நானோமீட்டர், கிட்டத்தட்ட மாறாது. நகரும் கண்ணாடியின் ஒவ்வொரு அடியையும் அந்த லேசரே எண்ணிக்கொள்ளும். ஆனால் லேசரும் ஒளியும் ஒரே பாதையில் சரியாக இணையாகப் போகவில்லை என்றால் அங்கேயும் அச்சு நழுவும்.

இன்னொரு பொறியும் உண்டு. சூடு ஏறும்போது தண்ணீரின் 1,450 நானோமீட்டர் வளைவே குறைந்த அலைநீளம் பக்கம் நகரும். அது கருவியின் கோளாறு கிடையாது, தண்ணீரின் இயல்பு. டிரையருக்குள் பொடி சூடாக இருக்கும். நகர்ந்தது கருவியா, பொருளா என்று பிரித்துத் தெரியாமல் அச்சில் கை வைத்தால், சரியாக இருந்த கருவியும் கெட்டுப்போகும். இதற்காகத்தான் அச்சைச் சோதிக்க பொடியை நம்பாமல் தனி ‘சாட்சி’களை வைத்திருக்கிறார்கள்.

சாட்சிகள் யார்?

இந்தச் சாட்சிகளின் வேலை எளிமையானது. ‘என் கோடு இந்த அலைநீளத்தில்தான் இருக்கும்’ என்று முன்பே நிரூபிக்கப்பட்ட பொருட்கள் அவை.

* வாயு விளக்குகள்: ஆர்கான், நியான், பாதரசம் நிரப்பிய சின்ன விளக்குகள். இவற்றின் ஒளிக் கோடுகள் அணுவின் இயல்பால் வருபவை, பாதரசத்துக்கு 1,013.98 நானோமீட்டரில் ஒரு கோடு. கருவியைத் தயாரிக்கும்போதும் பெரிய சர்வீஸின்போதும் எந்த பிக்சல் எந்த அலைநீளம் என்று வரைபடம் போட இவை பயன்படும்.

* அரிய மண் ஆக்சைடுகள்: ஹோல்மியம், எர்பியம், டிஸ்ப்ரோசியம் ஆக்சைடுகளின் கலவை. என்.ஐ.ஆர் பகுதி முழுக்கக் கூர்மையான பள்ளங்களைத் தரும். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி நிறுவனம் சான்றளித்த எஸ்.ஆர்.எம் 1920 வரிசை இந்தக் கலவைதான். பிரதிபலிப்பில் வேலை செய்யும் புரோப்களுக்கு இது பொருத்தம்.

* பாலிஸ்டைரீன்: ஒரு பிளாஸ்டிக் துண்டு. விலை குறைவு, கருவிக்குள்ளேயே பொருத்திவைக்கலாம். தினசரிச் சோதனைக்குத் தோது.

* டால்க்: ஆமாம், முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கும் அதே கனிமம். 948, 1,391, 2,312 நானோமீட்டரில் அடையாளக் கோடுகள் உண்டு. 1,391-ல் இருப்பது ஊசி மாதிரிக் கூர்மை.

நடைமுறை இப்படிப் போகும். கருவியை ஆன் செய்து, வெப்பநிலை நிலைக்கும் வரை விடுவார்கள். புரோப்பின் முனையைத் துடைத்து, சாட்சிப் பொருளை மூடி மாதிரி அதில் பொருத்துவார்கள். பலமுறை ஸ்கேன் எடுப்பார்கள். ஒவ்வொரு கோட்டின் உச்சியையும் கண்டுபிடித்து, சான்றிதழில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் வரம்புக்குள் இருந்தால் பாஸ். இருக்கிறது, ஆனால் மாதாமாதம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது என்றால் அதுவும் எச்சரிக்கைதான். ஒரு நாள் ரீடிங்கை விட, மாதக் கணக்கில் போட்ட வரைபடம் அதிகம் பேசும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சான்றிதழில் இருக்கும் எண் எல்லாக் கருவிக்கும் ஒன்று கிடையாது. கருவியின் ரெசல்யூஷன் குறைவாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றாகக் கரைந்து உச்சி வேறு இடத்தில் தெரியும். 10 நானோமீட்டர் ரெசல்யூஷன் கருவியை, 2 நானோமீட்டருக்கான எண்ணோடு ஒப்பிட்டால் நல்ல கருவியும் ஃபெயில் ஆகும். சான்றிதழில் தன் கருவிக்கான வரிசை எது என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது புரோப்பைக் கழற்ற முடியாதே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒளிப் பாதையைத் திருப்பும் ஒரு சுவிட்ச் மூலம், ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள்ளேயே இருக்கும் சாட்சியைப் பார்க்க வைக்கலாம். ஆனால் அது கருவியின் பெட்டியை மட்டும்தான் சோதிக்கும். ஃபைபரும் புரோப்பும் சஃபையர் ஜன்னலும் அந்தப் பாதையில் இல்லை. எனவே குறிப்பிட்ட இடைவெளியில் முனையிலிருந்தே முழுப் பாதையையும் சோதிப்பது அவசியம்.

அச்சு சரி, அளவு சரியா?

அலைநீளம் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு அலைநீளத்திலும் கருவியின் ‘காது’ ஒரே மாதிரிக் கேட்பதில்லை. ஹாலஜன் விளக்கு வயதாக ஆக மங்கும்; அந்த மங்கல் எல்லா அலைநீளத்திலும் சமமாக இருக்காது. சென்சார் இரு ஓரங்களிலும் பலவீனம். ஃபைபர் கண்ணாடிக்குள் சிக்கியிருக்கும் ஓ.ஹெச் குழுவே 1,383 நானோமீட்டர் பக்கத்தில் கொஞ்சம் ஒளியை விழுங்கும். அதாவது ஈரத்தைத் தேடும் கண்ணுக்குள்ளேயே ஈரத்தின் சாயல்!

இதைக் கழிக்கத்தான் வெள்ளை ரெஃபரன்ஸ் எடுக்கிறார்கள். கிட்டத்தட்ட 99 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் ஃப்ளோரோ பாலிமர் வட்டை முதலில் பார்க்க வைத்து, அதோடு பொடியின் ரீடிங்கை வகுப்பார்கள். பிறகு பல்வேறு அளவு சாம்பல் நிற வட்டுகளை வைத்து, கருவியின் பதில் நேர்கோட்டில் போகிறதா என்றும் பார்ப்பார்கள்.

வட்டில் கைரேகை பட்டுவிட்டால்? தோலின் எண்ணெய் வட்டில் ஒட்டும். அதன் நிறமாலை ரெஃபரன்ஸில் ஏறும். அதன் பிறகு எடுக்கும் எல்லா ரீடிங்கிலும் தலைகீழாகத் தெரியும். லட்சக்கணக்கில் விலை உள்ள கருவியை ஒரு கட்டைவிரல் ஏமாற்றிவிடும்.

கருவியே மாறினால் இன்னும் பெரிய சவால். பழைய புரோப்பில் பழக்கிய மாடல், புதிய புரோப்பில் அப்படியே வேலை செய்யும் என்று உத்தரவாதம் இல்லை. இரண்டு புரோப்களிலும் ஒரே மாதிரிகளை அளந்து, வித்தியாசத்தைக் கணிதத்தால் சரிக்கட்டும் முறைகள் இருக்கின்றன. ‘மாடல் டிரான்ஸ்ஃபர்’ என்பார்கள். முதலிலேயே இரு கருவிகளின் அச்சும் அளவும் சரியாக இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

அப்படியானால் கோல்ட்ரிஃப் மாதிரி விபத்தை இது தடுக்குமா?

ஓரளவுக்கு. எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிரப்பில் பயன்படும் புரோப்பிலீன் கிளைகாலும், நச்சான டைஎத்திலீன் கிளைகாலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டும் நிறமற்ற, கெட்டியான திரவங்கள், லேசான இனிப்பு. ஆனால் மூலக்கூறு வேறு. புரோப்பிலீன் கிளைகாலில் மெத்தில் குழு இருக்கிறது. டைஎத்திலீன் கிளைகாலில் இல்லை. அந்தக் குழுவின் அடையாளம் பொதுவாக 1,700 நானோமீட்டரை ஒட்டி வரும். எனவே ஒரு டிரம்மில் ஒன்றுக்குப் பதில் முழுக்க மற்றொன்று வந்திருந்தால், சரியாக அளவு திருத்திய என்.ஐ.ஆர் கருவி சில விநாடிகளில் ‘இது அது இல்லை’ என்று சொல்லிவிடும்.

ஆனால் 0.1 சதவீதம் மாதிரியான சிறு கலப்படத்தைப் பிடிக்க என்.ஐ.ஆரை நம்பக் கூடாது. அந்த அளவில் அகலமான வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கொள்ளும். அதற்கு கேஸ் குரோமட்டோகிராபி சோதனை கட்டாயம். என்.ஐ.ஆர் வாசலில் நிற்கும் காவலாளி, அடையாளம் பார்க்கும். உள்ளே பையைத் திறந்து சோதிப்பது வேறு ஆள். இருவரில் ஒருவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டால் பாதுகாப்பில் ஓட்டை விழும்.

எந்தக் கருவி இருந்தாலும், டிரம்மைச் சோதிக்காமலே உள்ளே அனுப்பினால் எதுவும் தடுக்காது. சோதனையே செய்யாத இடத்தில் கேலிப்ரேஷனுக்கு வேலையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மருந்து ஆலைகள் எப்படி இயங்க வேண்டும் என்பதைச் சொல்வது மருந்துகள் விதிகளின் ஷெட்யூல் எம். அதன் திருத்திய வடிவம் 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 6 மாதம், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 12 மாதம் அவகாசம் தரப்பட்டது. சிறு நிறுவனங்களுக்கு அது பிறகு 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. கருவிகளுக்குத் தகுதிச் சோதனை, குறித்த இடைவெளியில் அளவுத்திருத்தம், அதற்கான பதிவேடு எல்லாம் இதில் அடக்கம்.

அளவுத்திருத்தத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு. நம் நாட்டின் உச்ச அளவியல் நிறுவனம் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். கேலிப்ரேஷன் லேப்களுக்கு அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.எல். ஆலையில் இருக்கும் சாட்சிப் பொருளின் சான்றிதழைப் பின்தொடர்ந்து போனால், அது ஏதாவது ஒரு நாட்டின் தேசிய அளவியல் நிறுவனத்தில் போய் முடிய வேண்டும். நடுவில் சங்கிலி அறுந்திருந்தால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம்.

மருந்தைத் தாண்டியும்…

நாமக்கல் பக்கம் கோழித் தீவனத் தொழிலில் மக்காச்சோளத்தின் ஈரத்தையும் சோயாப் புண்ணாக்கின் புரதத்தையும் பார்க்க என்.ஐ.ஆர் உதவுகிறது. அங்கே அச்சு நகர்ந்தால் லாரி லோடுக்கான விலை மாறும். லாபம் யாருக்கு என்பது அச்சு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது.

இன்னும் தூரம் போனால், நிலா. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1-ல் நாசாவின் எம்-3 என்ற கருவி இருந்தது. நிலாவின் மண்ணிலிருந்து திரும்பிய அகச்சிவப்பு ஒளியில் 2,800 முதல் 3,000 நானோமீட்டர் பகுதியில் ஒரு பள்ளத்தை அது பார்த்தது. 2009-ல் ‘நிலாவில் நீரின் அடையாளம்’ என்று உலகம் கொண்டாடியது அந்தப் பள்ளத்தைத்தான். டிரையருக்குள் ஈரம் தேடும் புரோப்பும் நிலாவில் ஈரம் தேடிய கருவியும் ஒரே குடும்பம்.

நம்மால் என்ன செய்ய முடியும்?

கடையில் நின்றுகொண்டு நானோமீட்டர் கணக்கைக் கேட்க முடியாதுதான். ஆனால் சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன.

* அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் பாக்கெட்டில் 2023 ஆகஸ்ட் 1 முதல் க்யூ.ஆர் கோடு அல்லது பார் கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்து பேட்ச் நம்பர், உற்பத்தி உரிம எண் பொருந்துகிறதா என்று பாருங்கள்.
* பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பேட்ச் தடைசெய்யப்பட்டால், வீட்டில் இருப்பது அதுதானா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி அந்த எண்தான்.
* சின்னக் குழந்தைகளுக்கு டாக்டர் எழுதாமல் இருமல் சிரப் கொடுக்காதீர்கள்.
* மருந்து, உணவு, தீவனம் என்று உற்பத்தித் துறையில் வேலை பார்ப்பவரா நீங்கள்? கருவியின் மேல் ஒட்டியிருக்கும் கேலிப்ரேஷன் ஸ்டிக்கரில் தேதியை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். அலைநீளமா, அளவா, மாடலா, எதைச் சோதித்தார்கள், கடைசி ஆறு மாத வரைபடம் எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆலையில் ஒருவர் தயாராக இருந்தாலே, அட்டையில் இருக்கும் பேட்ச் நம்பருக்குக் கொஞ்சம் அர்த்தம் வந்துவிடும்.